மக்கள் கவிஞருக்கு நூற்றாண்டு: டெல்டா ஊர்களில் பல்கலை விழா எடுக்க நினைப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

2030 ஏப்ரல் 13, சனிக்கிழமை. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் பிறந்து அன்றோடு நூறு ஆண்டு நிறைகிறது. மறுநாள் ஞாயிறு, சித்திரை முதல் நாள். பட்டுக்கோட்டையை அடுத்த செங்கப்படுத்தான்காட்டில் 1930-இல் பிறந்து, 1959 அக்டோபர் 8 அன்று 29 வயதிலேயே மறைந்தவருக்கு அவர் மண்ணில் விழா எடுக்க இவ்வளவு தோதான இரண்டு நாள் அமைந்திருக்கிறது.

விழா என்றதும் நம் பக்கத்தில் நினைவுக்கு வருவது ஒரு மேடை, ஒரு வரிசை நாற்காலி, வரவேற்புரையில் தொடங்கி நன்றியுரையில் முடிகிற நோட்டீஸ். இவருக்கு அது போதாது. இவர் சக்தி நாடக சபாவில் நடித்தவர், விவசாய சங்க மேடைகளில் பாடியவர், புதுச்சேரியில் பாரதிதாசனிடம் இருந்து தமிழ் கற்றவர், ஐந்தாறு ஆண்டுக்குள் சினிமாப் பாட்டின் மொழியை வயற்காட்டுப் பேச்சுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தவர். அவருடைய பாட்டைப் படித்தவர்களைவிடக் காதால் கேட்டவர்கள்தான் அதிகம். எழுதப் படிக்கத் தெரியாத ஆத்தாக்களுக்கும் மனப்பாடம். அப்படிப்பட்டவருக்கு எட்டுப் பேர் பேசி எட்டுச் சால்வை போட்டு முடித்தால், அந்த ஆத்தாக்கள் கூட்டத்துக்கு வரவே மாட்டார்கள். இசை, கூத்து, ஓவியம், கைவினை, படம், சாப்பாடு எல்லாம் சேர்ந்து, கேட்கிறவர்களும் கைவைக்கிற விழாவாக அது இருக்க வேண்டும்.

இதுவரை ஒரு விழாவும் நடத்தியிராத வாசகர் வட்டங்கள், மகளிர் குழுக்கள், கல்லூரிப் பிள்ளைகள், ஊர் நூலகத்து நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்கள் ஊர் ஒரத்தநாடோ, மன்னார்குடியோ, திருத்துறைப்பூண்டியோ, எதுவானாலும் முறை ஒன்றுதான்.

முதலில் பெரியவர்களைத் தேடிப் போங்கள்

குழு அமைப்பதற்கும் பணம் திரட்டுவதற்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை இது. 1959-இல் பதினைந்து வயதாக இருந்தவருக்கு 2030-இல் 86 வயது ஆகியிருக்கும். அவரை நேரில் பார்த்தவர்கள், அவர் பாடிக் கேட்டவர்கள், அந்தக் காலத்து விவசாய சங்கக் கூட்டங்களுக்குப் போனவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். விழா வரட்டும் என்று காத்திருந்தால் கேட்க ஆள் இருக்காது.

நல்ல ஒலிப்பதிவு வசதியுள்ள ஒரு செல்போனும் சட்டையில் குத்திக்கொள்ளும் சின்ன மைக்கும் போதும். காலை பத்து மணிக்குள் போய்விடுங்கள். வயதானவர்களுக்கு மதியத்துக்கு மேல் களைப்பு வந்துவிடும். "கவிஞரைப் பற்றிச் சொல்லுங்க" என்று ஆரம்பித்தால் எல்லாரும் சொல்கிற நாலு செய்திதான் திரும்ப வரும். "அந்த வருசம் உங்க ஊர்ல யாரு நெலத்துல நடவு? கூலி என்ன? சாயங்காலம் எங்க கூடுவீங்க? பாட்டு யாரு பாடுவா?" என்று அவர்கள் வாழ்க்கையிலிருந்து கேளுங்கள். கவிஞர் தானாக அதற்குள் வருவார். வராவிட்டாலும் நஷ்டமில்லை. அந்தக் காலத்து நடவுப் பாட்டும் தெம்மாங்கும் கிடைக்கும், விழாவுக்கு அவையும் வேண்டும்.

பழைய நிழற்படம், கடிதம், நோட்டீஸ் ஏதாவது கொடுத்தால் வாங்கிக்கொண்டு வராதீர்கள். அந்தத் திண்ணையிலேயே படமெடுத்துத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பதிவை எங்கே பயன்படுத்தப் போகிறீர்கள் என்று சொல்லி, சம்மதத்தையும் அதே பதிவில் அவர் வாயால் சொல்லவையுங்கள்.

நாள் குறிப்பது

நூற்றாண்டு என்பது ஒரு நாள் இல்லை, ஓராண்டு. நம் வழக்கப்படி 2029 ஏப்ரல் 13 அன்று நூற்றாண்டு தொடங்கி, 2030 ஏப்ரல் 13 அன்று நிறைகிறது. இந்த ஓராண்டுக்குள் என்ன எப்போது என்று பிரிப்பதற்குப் பஞ்சாங்கத்தை மட்டும் பார்த்தால் போதாது. தண்ணீரையும் பயிரையும் கடலையும் பார்க்க வேண்டும்.

தொடக்க நாளில் ஒரு சிக்கல் இருக்கிறது. மக்களவைத் தேர்தல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை என்ற கணக்கில் அடுத்தது 2029 ஏப்ரல், மே மாதங்களில் வர வேண்டும். தேர்தல் நடத்தை விதிகள் நடப்பில் இருந்தால் அரசு மண்டபம் கிடைப்பதும் ஒலிபெருக்கிக்கு அனுமதி வாங்குவதும் கடினம். அமைச்சர், சட்டமன்ற உறுப்பினர் யாரையும் மேடையேற்றுவது வம்பு. எனவே தொடக்கத்தைச் சின்னதாக வையுங்கள். செங்கப்படுத்தான்காட்டிலிருந்து பட்டுக்கோட்டை மணிமண்டபம் வரை ஒரு நடை, வழியில் நிறுத்தி நிறுத்திப் பாட்டு, அவ்வளவே. அந்த நடைக்கும் காவல் நிலையத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

மேட்டூர் அணை ஜூன் 12 அன்று திறப்பது மரபு. அது முதல் குறுவை, பிறகு சம்பா, தாளடி என்று தை வரை ஊர்ச்சனம் வயலில் கிடக்கும். பட்டுக்கோட்டைப் பக்கம் கல்லணைக் கால்வாய்ப் பாசனம், கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர இன்னும் சில நாள் ஆகும். நடவு நடக்கிற வாரத்தில் பெண்களை ஒத்திகைக்குக் கூப்பிடுவது அவர்கள் கூலியைப் பறிப்பதற்குச் சமம். ஐப்பசி, கார்த்திகையில் மழை, புயல். 2018 நவம்பர் 16 அன்று கஜா அடித்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. அந்த இரண்டு மாதம் திறந்தவெளி நிகழ்ச்சியே வேண்டாம். 2029 அக்டோபர் 8 கவிஞரின் எழுபதாம் நினைவு நாள், திங்கட்கிழமை. அதை ஒரு கூரைக்குள், பள்ளிக்கூடத்திலோ நூலகத்திலோ வையுங்கள்.

பள்ளிப் பிள்ளைகளுக்கான பயிற்சியை ஜூலை, ஆகஸ்டில் முடித்துவிட வேண்டும். பங்குனியில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு என்று ஒரு பிள்ளையும் கிடைக்காது.

நிறைவு விழாவுக்கு ஏப்ரல் நல்ல மாதம். சம்பா அறுத்து, அதில் விதைத்த உளுந்தும் பயறும் பெரும்பாலும் எடுத்திருப்பார்கள். களம் காலியாக இருக்கும், கையில் கொஞ்சம் காசும் இருக்கும். ஒரே தொல்லை வெயில். அதற்கு வழி பின்னால் சொல்கிறேன்.

குழுவும் பணமும்

ஏழெட்டுப் பேர் போதும். அதில் பாதி பெண்களாக இருக்கட்டும். கணக்குக்கு ஒருவர், அனுமதிகளுக்கு ஒருவர், கலைஞர்களோடு பேச ஒருவர், சாப்பாட்டுக்கும் தங்குமிடத்துக்கும் ஒருவர் என்று நான்கு பொறுப்புக்கு மட்டும் பெயர் குறியுங்கள். மற்றவை தானாக அமையும். எல்லாக் கட்சியிலிருந்தும் ஆள் வரட்டும். ஆனால் விழாக்குழு எந்தக் கட்சிக்கும் உரியதல்ல என்பதை முதல் கூட்டத்திலேயே தீர்மானமாக எழுதி வையுங்கள். இவருடைய அரசியல் பொதுவுடைமை அரசியல், அதை மறைக்கவும் வேண்டாம். மறைத்தால் பாட்டில் பாதி போய்விடும்.

பணம் வாங்குவதென்றால் சங்கமாகப் பதிவு செய்துகொள்வது நல்லது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி குறைந்தது ஏழு உறுப்பினர் வேண்டும், மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். அதன் பெயரில் பான் அட்டை, வங்கிக் கணக்கு, இருவர் கையெழுத்து. எண் போட்ட ரசீதுப் புத்தகம். ஐம்பது ரூபாய் கொடுத்தவருக்கும் ரசீது உண்டு. வெளிநாட்டிலிருக்கும் ஊர்க்காரர்கள் நிறையப் பேர் உதவ முன்வருவார்கள். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கியவர்களிடமிருந்து நன்கொடை பெறத் தனிச் சட்டம் இருப்பதால், ஒரு கணக்குத் தணிக்கையாளரைக் கேட்காமல் வாங்க வேண்டாம்.

செலவில் பாதியாவது கலைஞர்களுக்குப் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பந்தலுக்கும் பிளக்சுக்கும் நினைவுப் பரிசுக்கும் கொட்டிவிட்டுக் கலைஞரிடம் பேரம் பேசுகிற விழா, உழைப்பைப் பாடிய கவிஞருக்குப் பொருந்தாது.

பாடலும் உரிமையும்

எழுத்தைப் பொறுத்தவரை யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. 1993-இல் தமிழக அரசு அவர் படைப்புகளை நாட்டுடைமை ஆக்கிவிட்டது. அது இல்லாவிட்டாலும், எழுதியவர் மறைந்து 60 ஆண்டு ஆனால் எழுத்து பொதுச்சொத்தாகிவிடும் என்பது நம் பதிப்புரிமைச் சட்டம். அவருக்கு அந்தக் கெடு 2019 டிசம்பரோடு முடிந்தது. நாடகமாக்கலாம், சுவரில் எழுதலாம், துணியில் அச்சடிக்கலாம்.

மெட்டுக்கு இது செல்லாது. சினிமாப் பாட்டில் வரி ஒருவருடையது, மெட்டு இன்னொருவருடையது. நாடோடி மன்னன் படத்தின் இசையமைப்பாளர் எஸ்.எம். சுப்பையா நாயுடு 1979-இல் மறைந்தார். அதன்படி அவர் மெட்டுகளுக்கு 2039 முடிய உரிமைக் காலம் இருக்கிறது. எம்.எஸ். விசுவநாதன் 2015 வரை இருந்தவர். கட்டணம் வாங்காத கூட்டத்தில் தொழில்முறையல்லாத ஒரு மன்றத்தினர் பாடுவதற்குச் சட்டத்திலேயே விலக்கு உண்டு. சம்பளத்துக்கு மெல்லிசைக் குழுவைக் கூட்டிவந்தாலோ, டிக்கெட் போட்டாலோ உரிமம் வாங்க வேண்டும். திரையில் முழுப்படம் போடுவதற்கும் அப்படியே. யூடியூபில் ஏற்றும்போதும் இதே தகராறு வரும், ஒலியை முடக்கிவிடுவார்கள்.

இந்தக் கட்டுப்பாட்டை நான் நல்லதென்றே நினைக்கிறேன். படத்துக்கு எழுதாத பாடல்களும் அவரிடம் இருக்கின்றன. அவற்றுக்குப் புது மெட்டுப் போடச் சொல்லுங்கள். திருவையாற்று அரசு இசைக் கல்லூரி மாணவர்களிடம் கொடுத்தால் ஒரு விதமாக வரும், உங்கள் ஊர் நடவுக்காரப் பெண்களிடம் கொடுத்தால் வேறு விதமாக வரும். இரண்டையும் ஒரே மேடையில் அடுத்தடுத்துப் பாடவையுங்கள்.

ஒன்று மட்டும் கவனம். செல்போனில் சுற்றும் பாடல் வரிகளில் பிழை மலிந்திருக்கிறது. படத்தில் பாடியதற்கும் நூலில் அச்சானதற்கும் சொல் மாறும் இடங்களும் உண்டு. அச்சு நூலை வைத்து ஒருவர் சரிபார்த்த பிரதியை மட்டுமே எல்லாக் குழுக்களுக்கும் கொடுங்கள். சுவரில் தப்பாக எழுதிவிட்டால் அது இருபது வருசம் நிற்கும்.

பதினேழு தொழிலும் ஒரு விழாவும்

விழாவின் உடம்பு இதுதான், இங்கே நேரம் செலவழியுங்கள். பாட்டெழுத வருமுன்னும் வந்த பின்னும் அவர் 17 தொழில் பார்த்ததாகச் சொல்வார்கள். உழவு, மாடு மேய்த்தல், மாட்டு வியாபாரம், மாம்பழம், இட்லி, முறுக்கு, தேங்காய், கீற்று வியாபாரங்கள், மீன் நண்டு பிடித்தல், உப்பளம், தண்ணீர் வண்டி, இயந்திரம் ஓட்டுதல், அரசியல், நடிப்பு, நடனம், பாட்டு, கவிதை. "இசை அமர்வு, நாடக அமர்வு, ஓவிய அமர்வு" என்று கலைவாரியாகப் பிரித்தால் அந்தந்தக் கலைக்காரர் மட்டும் வருவார். தொழில்வாரியாகப் பிரித்துப் பாருங்கள். ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு இடம், ஒரு கலை, அந்தத் தொழிலில் இருக்கிற மனிதர்கள் என்று விழா ஊர்ஊராகப் பரவும்.

உழவுக்கு நடவுப் பாட்டும் தப்பாட்டமும். நடவுப் பாட்டை மேடையில் மைக் முன் நிற்கவைத்துப் பாடச் சொன்னால் பாடுகிறவர்கள் கூசிப்போவார்கள். குனிந்து கை வேலை செய்துகொண்டே பாடிய பாட்டு அது. ஒரு சின்ன இடத்தில் தண்ணீர் கட்டி நாற்று வைத்து, சுற்றிலும் பார்வையாளர் நிற்க, வயலிலேயே பாடவையுங்கள்.

உப்பளத்துக்குப் புகைப்படமும் குறும்படமும். வேதாரண்யம், அதிராம்பட்டினம் உப்பளங்களில் கோடைதான் உப்பு வாரும் காலம். விடிவதற்கு முன்பே வேலை தொடங்கிவிடும், வெயில் ஏறினால் முடித்துவிடுவார்கள். படமெடுக்கப் போகிற பிள்ளைகள் அந்த நேரத்துக்குப் போக வேண்டும். எடுத்த படங்களை முதலில் உப்பளத்துக்குப் பக்கத்திலேயே தட்டிகளில் மாட்டிக் காட்டுங்கள், பிறகு நகரத்துக்குக் கொண்டுபோகலாம்.

மீனுக்கும் நண்டுக்கும் கடற்கரை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகு மீன்பிடித் தடைக்காலம். தடை தொடங்குமுன் கடைசி இரண்டு நாள் யாரும் கரையில் நிற்க மாட்டார்கள், ஆகவே மீனவர் பகுதி நிகழ்ச்சியை ஏப்ரல் 13, 14-இல் வைக்காதீர்கள். 16-க்கு மேல் வையுங்கள். படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும், படகையே மேடையாக்கலாம். திருவாரூர்ப் பக்கத்துப் பழையனூரில் பிறந்த சுரதா படகுக் கவியரங்கம் நடத்தியவர். டெல்டாவில் பிறந்த ஒரு கவிஞர் காட்டிய வழியில் இன்னொரு டெல்டாக் கவிஞரைக் கொண்டாடலாம்.

கீற்றுக்கும் தேங்காய்க்கும் பந்தல். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகள் தென்னையால் வாழ்கிறவை. கஜாவில் விழுந்த மரங்களுக்குப் பதிலாக வைத்த கன்றுகள் விழா நடக்கும்போது நன்றாகக் காய்த்துக்கொண்டிருக்கும். தகரப் பந்தலைவிடக் கீற்றுப் பந்தல் குளிர்ச்சி. கீற்று முடைகிற பெண்களைப் பந்தல் வேலைக்கு மட்டும் கூப்பிடாமல், விழா நடக்கும்போதே ஒரு மூலையில் உட்கார்ந்து முடைந்து காட்டவும், பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கவும் சம்பளம் கொடுத்து அழையுங்கள். கீற்று என்றால் தீ எச்சரிக்கை கட்டாயம். சமையல் கொட்டகை தள்ளி இருக்க வேண்டும், மணல் வாளி, தண்ணீர் டிரம் வைக்க வேண்டும், தீயணைப்பு நிலையத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும்.

இட்லி, முறுக்கு, மாம்பழத்தை விளக்கவே வேண்டாம். கடை போடுவதற்கு வெளியூர் கேட்டரிங் ஆட்களை அழைக்காமல், தெருவில் இட்லிக்கடை வைத்திருக்கும் அக்காக்களுக்கு இடவாடகை இல்லாமல் கொடுங்கள்.

நாடகத்துக்குப் பள்ளி மாணவர்களும் உள்ளூர் நாடகக்காரர்களும். அவர் வாழ்க்கை வரலாற்றை அப்படியே நாடகமாக்கினால் பிறந்தார், வளர்ந்தார், பாடினார் என்று தட்டையாகப் போய்விடும். ஒரே ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பண்ணையில் கூலி கேட்டு நிற்கிற நாள், நாடகக் கம்பெனியில் முதல்முறை அரிதாரம் பூசுகிற நாள், இப்படி ஏதாவது ஒன்று. முப்பது நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம்.

மேடை அலங்காரத்துக்கு நம் பக்கத்திலேயே செல்வம் கொட்டிக் கிடக்கிறது. பின்னால் பிளக்ஸ் கட்டாதீர்கள். கருப்பூர் கலம்காரிக் கலைஞர்கள் கோயிலுக்குத் தொம்பையும் (உருளையாகத் தொங்கும் துணி) அஸ்மானகிரியும் (மேலே கட்டும் விதானத் துணி) எழுதுகிறவர்கள். அவர்களிடம் கவிஞரின் 17 தொழில்களையும் ஒரு திரைச்சீலையில் எழுதச் சொல்லுங்கள். கையால் எழுதி, சாயம் தோய்த்து, அலசிக் காயவைக்கிற வேலை, ஐந்தாறு மாதம் முன்பே சொல்ல வேண்டும். நெட்டி என்கிற நீர்ச்செடித் தண்டில் உருவம் செதுக்கும் தஞ்சாவூர் நெட்டி வேலைக்காரர்களிடம் மேடை முகப்பு. கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரி மாணவர்களிடம் சுவர் ஓவியம், சுவரின் சொந்தக்காரரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிய பிறகு.

நாயனத்தை, அதாவது நாதசுரத்தைப் பற்றி ஒரு சொல். நரசிங்கம்பேட்டையில் கடைந்த நாயனம் ஊரெல்லாம் ஒலிக்கிற பூமி இது. சுவாமி புறப்பாட்டுக்கு வாசிக்கிற மல்லாரியோடு விழா தொடங்குவது அழகு. ஆனால் மங்கல இசை என்று அரைமணி வாசிக்கவிட்டு, கூட்டம் வந்து சேர்ந்ததும் நிறுத்தச் சொல்கிறோம். அது அநியாயம். ஒரு பாடகர் கவிஞரின் அடியைப் பாட, நாயனம் அதை வாங்கி விரித்து வாசிக்க, தவில் பதில் சொல்ல, அப்படி ஒரு முழு மணி நேரத்தைச் சாயங்காலத்தின் நடுவில் ஒதுக்குங்கள்.

கலைஞர்களை அழைப்பது

மாசி முதல் வைகாசி வரை கோயில் திருவிழாக் காலம். கரகாட்ட செட், தப்பு செட், பொய்க்கால் குதிரை, நாயன செட் எல்லாருக்கும் வருசத்துச் சம்பாத்தியம் அந்த நான்கு மாதத்தில்தான். ஏப்ரல் 13-க்கு அவர்கள் வேண்டுமானால் முந்தைய ஐப்பசிக்குள் நேரில் போய், தாம்பூலம் வைத்து, முன்பணம் கொடுத்து நாளை உறுதி செய்துவிடுங்கள். போனில் பேசி வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கடைசி நேரத்தில் வேறு ஊர்த் திருவிழாவுக்குப் போய்விடுவார்கள், அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. எத்தனை பேர், எத்தனை மணி நேரம், வண்டிச்செலவு யாருடையது, உடை மாற்ற அறை, சாப்பாடு, மீதிப் பணம் எப்போது என்று ஒரு தாளில் எழுதி இரு பக்கமும் கையெழுத்துப் போடுங்கள். மீதியை நிகழ்ச்சி முடிந்த அன்று இரவே கொடுத்துவிட வேண்டும்.

ஆள் தெரியவில்லையென்றால் தஞ்சாவூரிலுள்ள தென்னகப் பண்பாட்டு மையத்திலும், கலை பண்பாட்டுத் துறையின் தஞ்சை மண்டல அலுவலகத்திலும், நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிந்தவர்களிடமும் விசாரிக்கலாம். தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் நாட்டுப்புறவியல் துறையில் கேட்டாலும் வழி காட்டுவார்கள்.

இனிச் சொல்வதை விழாக்குழுவின் முதல் விதியாக வையுங்கள். தப்பாட்டக் கலைஞர்களை ஊர்வலத்துக்கு முன்னால் அடிக்கச் சொல்லிவிட்டு, மேடை தொடங்கியதும் பந்தலுக்கு வெளியே உட்காரவைக்கிற பழக்கம் இன்னும் நம் ஊர்களில் இருக்கிறது. இந்தக் கவிஞரின் பெயரால் எடுக்கிற விழாவில் அது நடக்கவே கூடாது. நாயனக்காரருக்கு எந்த அறையோ அதே அறை தப்புக்காரருக்கும். எல்லாருக்கும் ஒரே பந்தி, ஒரே இலை. நோட்டீசில் "குழுவினர்" என்று முடிக்காமல் ஒவ்வொருவர் பெயரும் அச்சாக வேண்டும். ஊரில் யாராவது முகம் சுளித்தால் குழுவின் பெரியவர்கள் நேரில் போய்ப் பேசுங்கள், விட்டுக்கொடுக்காதீர்கள்.

இடம், பந்தல், அனுமதி

கல்யாண மண்டபத்தை நம்ப வேண்டாம். முகூர்த்த நாளுக்கு ஓராண்டு முன்பே பதிந்துவிடுவார்கள், மேலும் அங்கே கூத்துக்குரிய காற்றோட்டமும் இல்லை. பள்ளி மைதானம், சந்தைத் திடல், பொதுக்களம் இவற்றில் ஒன்றைப் பிடியுங்கள். பள்ளி என்றால் தலைமையாசிரியர் வழியாக முதன்மைக் கல்வி அலுவலரிடம், கோயில் இடம் என்றால் செயல் அலுவலர் வழியாக அறநிலையத் துறையிடம், மற்ற பொது இடம் என்றால் ஊராட்சியிடமோ நகராட்சியிடமோ எழுதிக் கேட்க வேண்டும். காவல்துறை அனுமதிக்கும் ஒலிபெருக்கிக்கும் விண்ணப்பம் ஒரு மாதம் முன்பே. மின்வாரியத்தில் தற்காலிக இணைப்பு. எல்லா விண்ணப்பத்துக்கும் ஒப்புகை முத்திரை வாங்கி ஒரே கோப்பில் வையுங்கள், விழா நாளன்று அந்தக் கோப்பு பந்தலில் இருக்கட்டும்.

இரவு 10 மணிக்கு மேல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. விடிய விடியக் கூத்து வைக்க ஆசை இருந்தால் பத்து மணிக்குப் பின் மைக் இல்லாமல், இருநூறு பேர் நெருங்கி உட்காரும் வட்டமாக மாற்றிக்கொள்ளுங்கள். நம் கூத்துக்காரர்களுக்கு மைக் இல்லாமல் பாடும் தொண்டை இன்னும் இருக்கிறது.

ரேடியோ செட்காரரைத் தேர்ந்தெடுக்கும்போது அதிக ஸ்பீக்கர் வைப்பவரைத் தேடாதீர்கள். மனிதக் குரல் தெளிவாகக் கேட்க வேண்டும், தவிலும் தப்பும் அதை மூழ்கடிக்கக் கூடாது. முதல் நாள் மாலை கலைஞர்களோடு ஒருமுறை ஒலிச்சோதனை செய்யாமல் விழாவைத் தொடங்க வேண்டாம்.

அந்த இரண்டு நாள்

சித்திரை வெயிலுக்கு ஒரே மருந்து நேரத்தைப் பிரிப்பதுதான். காலை ஆறு முதல் பத்து வரை நடை, நடவுப் பாட்டு, கைவினை, பிள்ளைகளின் ஓவியம். பத்துக்கு மேல் எல்லாரும் நிழலுக்குப் போகட்டும். நூல் கண்காட்சி, பதிவு செய்த பெரியவர்களின் பேச்சு, குறும்படம் இவற்றை மதியத்தில் ஒரு கூரைக்குள் ஓடவிடுங்கள். மாலை ஐந்து முதல் பத்து வரை மேடை. மோரும் பானகமும் பானையில் குறையாமல் இருக்க வேண்டும். பெண்களுக்குத் தண்ணீர் வசதியோடு கழிப்பறை, பாலூட்ட ஒரு மறைவிடம், ஒரு செவிலியர். கழிப்பறை இல்லாத விழாவுக்குப் பெண்கள் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்க மாட்டார்கள், அதைப் பார்த்துவிட்டு "பெண்களுக்கு ஆர்வமில்லை" என்று எழுதிவிடுவோம்.

பேச்சு வேண்டும், ஆனால் ஒரு மாலைக்கு இரண்டு பேச்சு, ஆளுக்குப் பத்து நிமிடம். வரவேற்புரையைத் தொகுப்பாளரே இரண்டு நிமிடத்தில் முடிக்கட்டும். சால்வையை அறவே விட்டுவிட்டு, அந்தப் பணத்தில் வந்த எல்லாருக்கும் கவிஞரின் பத்துப் பாடல் அடங்கிய சிறு வெளியீடு அச்சடித்துக் கொடுங்கள். எழுத்து பெரிதாக இருக்கட்டும், ஆத்தாக்களுக்குப் பேரப்பிள்ளைகள் படித்துக் காட்டுவார்கள்.

கடைசி பேருந்து நேரத்தை முதலிலேயே விசாரித்து, அதற்கு அரைமணி முன்னதாக முக்கிய நிகழ்ச்சி முடியும்படி வரிசைப்படுத்துங்கள். மதுக்கூர், பேராவூரணி, ஒரத்தநாடு வழித்தடங்களுக்குக் கூடுதல் பேருந்து விடச் சொல்லிப் போக்குவரத்துக் கழகத்துக்கு முன்பே மனுக் கொடுத்துப் பாருங்கள்.

முடிந்த பிறகு

பந்தல் பிரிக்கும் அன்றே இடத்தைக் கூட்டிப் பெருக்கிக் கொடுத்துவிட்டு, துப்புரவுப் பணியாளர்களுக்குப் பேசிய கூலியோடு கலைஞர்களுக்குப் போட்ட அதே சாப்பாட்டையும் போடுங்கள். வரவுசெலவை ஒரு மாதத்துக்குள் அச்சடித்து, நூலகத்திலும் ஊராட்சி அலுவலகத்திலும் ஒட்டுங்கள். பாடிய, ஆடிய, நடித்த ஒவ்வொருவருக்கும் அவரவர் நிகழ்ச்சியின் பதிவை ஒரு பென்டிரைவில் போட்டுக் கொடுக்க வேண்டும். அடுத்த வாய்ப்பு கேட்கப் போகும்போது அது அவர்களுக்கு உதவும். பெரியவர்களின் பேச்சுப் பதிவுகளை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை உள்ளூர் நூலகத்துக்கும் மற்றொன்றைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்துக்கும் கொடுங்கள். யார், எந்த ஊர், எந்தத் தேதியில் பேசியது என்ற குறிப்புத் தாள் இல்லாமல் கொடுத்தால் பின்னால் யாருக்கும் பயன்படாது. கலம்காரித் திரைச்சீலையை மடித்து வைக்காமல் உருளையில் சுற்றி, வேப்பிலை போட்டு, எந்தப் பள்ளியில் வைப்பது என்பதை விழாவுக்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். கலைஞர்களின் தொலைபேசி எண், கொடுத்த சம்பளம், விண்ணப்பங்களின் நகல் அடங்கிய கோப்பை, அடுத்து விழா எடுக்கப் போகிற ஊர்க்குழு கேட்டு வந்தால் முழுதாகக் கொடுத்தனுப்புங்கள்.